மனையும் அகமும்: தென்னேரிச் சீமையில் இடிபடும் வீடுகள்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டையும் மற்றது 921ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இவ்விரண்டையும் சுட்டுவார்கள். ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டது, சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்தது ஆகியவை பாடநூல்களுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டியவனின் தகுதிகளில் ஒன்று மட்டும் யாராலும் அதிகம் பேசப்படுவதில்லை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருந்தால் போதாது. தனக்குச் சொந்தமான மனையில் அகம் எடுத்துக் குடியிருப்பவனாகவும் அவன் இருக்க வேண்டும் என்கிறது கல்வெட்டு.

மனை வேறு, அகம் வேறு என்ற தெளிவு இந்த விதியில் இருக்கிறது. மனை என்பது இடம். அகம் என்பது அதன்மேல் எழுப்பிய வீடு. இன்று தென்னேரி, வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் தெருவுக்குத் தெரு ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கான்கிரீட் வீடுகள் எழுகின்றன. இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள, பழைய கல்வெட்டின் அந்த இரு சொற்களே நமக்குப் போதுமான கருவி என்று தோன்றுகிறது. யாருக்கு மனை இருந்தது, அதில் எவ்வளவை அகம் எடுத்துக்கொண்டது என்று கேட்டுக்கொண்டே போனால் இந்நிலப்பகுதியின் வரலாறு பெரும்பாலும் வந்துவிடும்.

பாலாற்றுக்கு வடக்கே, வாலாஜாபாத்தை அடுத்து இருக்கிறது தென்னேரி. ஊரின் பெயரே ஏரியின் பெயர்தான். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் அமைந்த திரையனேரியே தென்னேரி ஆயிற்று என்பது அறிஞர் சிலரின் கருத்து. சோழர் காலத்தில் உத்தமசோழச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயரில் பிரமதேயமாகவும் விளங்கிய ஊர் இது. அந்த இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையை, வீடுகளின் நூல் என்றே சொல்லலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாணனைக் காஞ்சிக்கு வழிநடத்தும்போது அவன் கண்ணில் படுவது வரிசையாக வீடுகளே. ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிசை, ஆயர் குடில், உழவர் மனை, கன்று கட்டிய பந்தலுடைய அந்தணர் இல்லம், துறைமுகத்து மாடம் என்று அது நீள்கிறது. எந்த வீட்டில் யார் இருப்பார், அங்கே என்ன உணவு கிடைக்கும் என்பது கூரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூரையும் குலமும் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்த காலம். அந்த நிலை நாம் நினைப்பதைவிட நெடுநாள் நீடித்தது.

பெரிய வீடு கட்டுவது பணத்தைப் பொறுத்த காரியமாக மட்டும் அன்று இருக்கவில்லை. சோழர் செப்பேடுகளில் பிரமதேயம் பெற்றவர்களுக்கு அரசன் அளித்த உரிமைகளின் பட்டியல் வரும். திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருப்பது போன்ற அப்பட்டியல்களில் கிணறு தோண்டலாம், தென்னை நடலாம் என்பவற்றோடு, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஓர் உரிமை. அரசன் அனுமதித்தால்தான் செங்கல் என்றால், அனுமதி பெறாதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. கொங்கு நாட்டுக் கம்மாளர்களுக்குக் கோனேரின்மைகொண்டான் பெயரில் வழங்கப்பட்ட கருவூர்க் கல்வெட்டாணை இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. நன்மை தின்மைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் ஆணையிடுகிறான். ஊருக்குக் கோயிலும் கோபுரமும் கட்டித் தந்த கைகளுக்கே தம் வீட்டுச் சுவரைப் பூச அரசாணை தேவைப்பட்டிருக்கிறது.

இனி ஒரே தாவலாக 1891ஆம் ஆண்டுக்கு வருவோம். அப்போது செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். காஞ்சிபுரமும் தென்னேரியும் உத்திரமேரூரும் அன்று அந்த மாவட்டத்தில் அடக்கம். அவர் கவனித்தவற்றுள் முக்கியமான ஒன்று, சேரியில் குடியிருப்பவனுக்கு அவன் குடிசை நிற்கும் இடம்கூடச் சொந்தமில்லை என்பது. மனை தமதே என்று மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். வேலைக்கு வராதவனையும் எதிர்த்துப் பேசியவனையும் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதாக மிரட்ட முடிந்தது. இக்குறிப்பின் தொடர்ச்சியாகவே 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்று அறியப்படுவது அதுதான். உத்திரமேரூர்க் கல்வெட்டையும் இந்தக் குறிப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவர்களுக்கு ஒரு கசப்பு ஏற்படாமல் இருக்காது. சொந்த மனையில் அகம் எடுத்தவனுக்கே ஊராட்சியில் இடம் என்று விதித்த அதே மண்ணில், கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகள் கழித்தும், மனையே இல்லாதவர்கள் பெருங்கூட்டமாக இருந்தார்கள். நாளை விரட்டப்படலாம் என்று அறிந்தவன் எதற்காகச் செங்கல் சுவர் எழுப்புவான்? மண்சுவரும் பனையோலையும் அவனுடைய ஏழ்மையின் அடையாளம் மட்டுமல்ல. அவனுடைய சட்டநிலையின் அடையாளமும் அவையே.

விவசாயத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு மனையின் உரிமையை வழங்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. பழைய வீடுகள் இடிபடுவதைப் பற்றிப் புலம்பும் கட்டுரைகள் நம்மிடையே நிறைய வந்துவிட்டன. திண்ணை போயிற்று, முற்றம் போயிற்று என்று எழுதுகிறோம். அந்தப் புலம்பலில் பெரும்பகுதி, மனை வைத்திருந்தவர்களின் புலம்பல் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திண்ணையில் வழிப்போக்கன் படுத்து எழுந்தான் என்பது உண்மை. எல்லா வழிப்போக்கனுக்கும் அந்தத் திண்ணை கிடைக்கவில்லை என்பதும் உண்மை. முற்றத்து நிலவைப் பாடுகிறவர்கள், மழையிலும் இருளிலும் கொல்லைக்குப் போய்வர வேண்டியிருந்த பெண்களை அதே மூச்சில் நினைப்பதில்லை.

ஓட்டு வீடு ஒன்றும் அநாதி காலத்து வீடல்ல. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். அதற்குப் பின்னரே தட்டையான 'சீமை ஓடு' படிப்படியாக உள்நாட்டுக்குள் வந்தது. அதுவரை குயவர் சக்கரத்தில் செய்த நாட்டு ஓடும், அதற்குக் கீழ்நிலையில் வைக்கோலும் கீற்றும்தான். வசதி மிக்கவர்கள் தேக்குக் கட்டைகளின்மேல் சிறுசெங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு, மெட்ராஸ் ஒட்டு எனப்படும் தளம் போட்டார்கள். நாம் 'பாரம்பரிய வீடு' என்று சொல்வதில் பாதி, ஒன்றரை நூற்றாண்டுக்கு உட்பட்டது.

கான்கிரீட் ஏன் கிராமத்துக்கு இவ்வளவு தாமதமாக வந்து, வந்தபின் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு ஒரு நேரடியான காரணம் உண்டு. சிமெண்டு நெடுங்காலம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த பண்டம். பர்மிட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருந்து சில மூட்டைகள் வாங்கிய கதைகளை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1982இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்து, 1989இல் முழுவதுமாக நீங்கியது. அதே காலகட்டத்தில் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் போனவர்களின் பணம் ஊர் திரும்பியது. வீட்டுக் கடன் நிறுவனங்களும் பெருகின. கூரையை மாற்ற வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. அதைத் தடுத்திருந்த தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியதுதான் புதிது.

இந்த ஊர்களின் பணம் வெளியேறிய திசையையும் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அக்ரகாரங்களில் படித்தவர்களும் நிலமுடையவர்களும் சென்னைக்குப் பெயர்ந்தார்கள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் நெருக்கடியானபோது அவர்களுக்காகவும் அவர்களைப் போன்ற மற்றவர்களுக்காகவும் ஒரு புறநகர் உருவாக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டத்தின் துணையோடு, நீண்ட ஏரியின் மாம்பலம் பகுதியைத் தூர்த்து 1920களில் எழுந்த தியாகராய நகரையே சொல்கிறோம். ஏரியின் பெயரால் ஊர் அமைந்தது தென்னேரியில்; ஏரியை அழித்து ஊர் அமைந்தது மாம்பலத்தில். கிரவுண்டு என்ற 2,400 சதுர அடிக் கணக்கில் மனைகள் பிரிக்கப்பட்டன. தோட்டம் சூழ்ந்த தனி வீடுகள் வந்தன. இரண்டு தலைமுறைக்குள் அவையும் இடிபடத் தொடங்கின. ஒரு வீடு நின்ற இடத்தில் எட்டோ பன்னிரண்டோ அடுக்ககங்கள். மாமரமும் கிணறும் இருந்த பக்கம் கார் நிறுத்துமிடமாயிற்று. சிகாகோவுக்கு அருகிலுள்ள ஹின்ஸ்டேல் போன்ற அமெரிக்கப் புறநகர்களில் நல்ல நிலையிலிருக்கும் வீட்டை வாங்கி இடித்துவிட்டு, அதே ஒரு குடும்பத்துக்காகப் பன்மடங்கு பெரிய வீட்டைக் கட்டுகிறார்கள். சென்னையில் வீடு பெருத்தது குடும்பங்களை அடுக்குவதற்காக. நோக்கம் வேறு, மனையின் கதி ஒன்றே.

தியாகராய நகருக்கு நேர்ந்தது இப்போது தென்னேரிச் சீமைக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஆலைகள் தொடர்ந்தன. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கும் அரசாணை 2022இல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரம் மக்கள் அன்று தொடங்கிய போராட்டத்தை நாடே அறியும். அங்கே இடிபட இருப்பது ஒரு வீடல்ல, ஊர். சுற்றுவட்டாரத்திலோ நிலத்தின் விலை ஏறிற்று. விலை ஏறிய மனையில் ஓட்டு வீடு நிற்பது வீண் என்ற எண்ணமும் சேர்ந்தே ஏறிற்று.

இப்படி எழும் பெரிய வீடுகளை ஆடம்பரம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. பல வீடுகளின் மாடிகள் குடும்பத்துக்கானவையே அல்ல. ஆலைகளில் ஒப்பந்தப் பணிக்கு வரும் இளைஞர்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருபவர்களுக்கும் வாடகை அறைகள் தேவைப்படுகின்றன. வயல் தராத வருமானத்தை மாடி தருகிறது. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை அரசு 2024இல் திறந்தது; எவ்வளவு பெரிய தேவை இத்தனை ஆண்டுகளாகச் சிறு வீடுகளின் தலையில் இறங்கியிருந்தது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். உழவுக்கு இரண்டாம் போகம் எப்படியோ, இங்கே வீட்டுக்கு இரண்டாம் மாடி அப்படி.

ஒரு தெருவில் ஒரு வீடு இடிந்தால் மற்றவை ஏன் பின்தொடர்கின்றன என்பதை அருகில் நின்று பார்த்தால் விளங்கும். பழைய தெருவில் இரு வீடுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரே பொதுச்சுவர். ஒரு பக்கம் இடிக்கப்பட்டதும் அடுத்த வீட்டின் சுவர், அதுவரை வெயிலையும் மழையையும் காணாத மண்சாந்துச் சுவர், வெளியில் வந்துவிடுகிறது, விரிசல் காண்கிறது. அடுத்தது தெருவின் மட்டம். சாலை போடும்போதெல்லாம் பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. புதிய வீட்டுக்காரர் எதிர்காலத்தையும் கணக்கிட்டு நான்கைந்து அடிக்குப் பேஸ்மட்டம் எழுப்புகிறார். இருபுறமும் உயர, நடுவில் இருக்கும் ஓட்டு வீடு பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு காலத்தில் தெருவைவிட மூன்று படி உயரத்தில் இருந்த திண்ணைக்கு இப்போது தெருவிலிருந்து இறங்க வேண்டும். ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் உள்ளே வருகிறது. அந்த வீட்டை இடிப்பதா வேண்டாமா என்ற முடிவு இப்போது அதன் உரிமையாளர் கையில் இல்லை. அக்கம்பக்கமே முடிவு செய்துவிட்டது.

அந்த நான்கைந்து அடிப் பேஸ்மட்டத்தை நிரப்பும் மண் எங்கிருந்து வருகிறது? இவ்வட்டாரத்தில் மனை நிரவ வரும் லாரிகளில் இருப்பது பெரும்பாலும் ஏரிகளில் எடுக்கும் சவுடு மண். மணல் பாலாற்றிலிருந்து வந்தது. ஆறு அடித்தட்டு தெரியும்வரை சுரண்டப்பட்ட பிறகு, எம்-சாண்ட் என்ற பெயரில் உத்திரமேரூர்ப் பக்கத்துக் குன்றுகளைக் கல்குவாரிகள் பொடித்துத் தருகின்றன. இடித்த வீட்டின் சாந்தும் உடைந்த ஓடும் குட்டையிலோ கால்வாய் ஓரத்திலோ கொட்டப்படுகின்றன. ஏரியின் மண் வீட்டுக்கு அடியில் போகிறது, வீட்டின் இடிபாடு நீர்நிலைக்குள் போகிறது. உத்திரமேரூர்ச் சபையில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்ததையும், ஏரியைத் தூர்வாரிக் கரையிடுவது அதன் முதன்மையான பணியாக இருந்ததையும் நினைத்துக்கொள்கிறோம். அன்று தூரை எடுத்தது ஏரிக்காக.

தேக்கு உத்திரமும் நிலைக்கதவும் மட்டும் குப்பைக்குப் போவதில்லை. இடிப்பு ஒப்பந்தக்காரர் மரத்துக்கு விலை கட்டிக்கொண்டே வேலையை எடுக்கிறார். செட்டிநாட்டு வீடுகளின் தூண்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வணிகத்தின் நீளம் தெரியும். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒன்று காட்சிக்கு இருக்கிறது. நெசவாளர் வீட்டைப் பொறுத்தவரை வடிவம் வெறும் அழகல்ல. குழித்தறிக்கு மண்தரை வேண்டும். தரையின் ஈரம் இழை அறுபடாமல் காக்கும். பாவின் நீளத்துக்கு வீடு நீள வேண்டும். போதாதபோது விடியற்காலையில் தெருவிலேயே பாவை விரிப்பார்கள். வழவழப்பான ஓடு பதித்த தரையில் குழி தோண்ட யாருக்கும் மனம் வராது. வீடு மாறியதால் தறி போயிற்றா, தறி போனதால் வீடு மாறியதா என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டாவதுதான் என்போம். கைத்தறிக் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருந்திருந்தால், தறிக்கு இடம் விட்டே கான்கிரீட் வீடும் கட்டியிருப்பார்கள்.

அரசும் இந்த இடிப்பில் ஒரு பங்காளி, அதுவும் நல்ல நோக்கத்தோடு. 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் இலக்குடன் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் 2010இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத்தில் 360. சாந்து பூச அரசாணை கேட்ட மண்ணில் அரசே சாந்து பூசிக் கொடுப்பது சிறிய மாற்றமல்ல. கீற்றுக்கூரை தீப்பிடித்து ஒரு தெருவே எரிந்த கோடைகளை அறிந்தவர்கள், கான்கிரீட் கூரையின் வெக்கையைப் பற்றி நம்மைப் போல் அழகியல் பேச மாட்டார்கள். அந்த 360 சதுர அடி, அதே ஊரின் மறுகோடியில் எழும் புதிய வீடுகள் சிலவற்றின் கார் நிறுத்துமிடத்துக்கு ஈடாகும் என்பதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெரும்பாணாற்றுப்படைப் பாணன் இன்று வந்தாலும் வீட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவான். கூரையைப் பார்த்து அல்ல, பரப்பைப் பார்த்து.

விதிகளும் பெரிய அகத்தின் பக்கமே சாய்ந்து வந்திருக்கின்றன. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து மனை வணிகம் ஸ்தம்பித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு வழிவிட்டன. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனைப்பரப்பில் ஒன்றரை மடங்காக இருந்த தளப்பரப்பு அளவை இரண்டு மடங்காக்கின. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளத்தோடு ஒரு மாடியாக, 3,500 சதுர அடி வரை கட்டுவதற்குச் சுயசான்றே போதும். இடைத்தரகரும் கையூட்டும் குறையும் என்ற அளவில் இதை வரவேற்கவே வேண்டும்.

பழைய வீட்டின் கூரை நான்கு புறமும் முற்றத்தை நோக்கிச் சரிந்திருந்தது. மழைநீர் முற்றத்தில் விழுந்து, அண்டாவில் நிறைந்தது போக, கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் ஊறியது. மனையில் பாதிக்கு மேல் மண்ணாகவே கிடந்ததால் அது தானாக நடந்தது. கூரையும் முற்றமும் கொல்லையும் செய்துவந்ததைச் செய்ய, எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு அரசு 2003இல் அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. புதிய வீடுகளில் மொட்டைமாடியிலிருந்து பிளாஸ்டிக் குழாய் ஒன்று இறங்கி வந்து, சிமெண்டு மூடியிட்ட ஒரு சிறு குழிக்குள் மறைகிறது. எஞ்சிய மனை முழுவதும் சிமெண்டுக் கல் பாவியிருக்கிறது. தென்னேரி ஏரியின் முழு ஆழம் 18 அடி, உத்திரமேரூர் ஏரிக்கு 20 என்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் செய்தித்தாள்கள் அட்டவணை போடுகின்றன. ஏரி நிரம்பியது என்ற செய்தி வரும் அதே நாளில், ஊருக்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் என்ற செய்தியும் வருகிறது. கார்த்திகை கழிந்து தை பிறந்ததும் அதே தெருக்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி நிற்கிறது.